சடையனைக் கரையேற்றிய பதினோரு வரிகள்

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலை இளைஞர்கள் சாகசச் சிறுகதைப் போட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். போன வாரம் நான்கு பேர் வீட்டுக்கு வந்து விளம்பரத் தாளைக் காட்டினார்கள். "இயற்கையின் சீற்றத்தை மனித ஆற்றல் வெல்வதாகக் கதை அமைய வேண்டும்" என்பது அவர்களுடைய முதல் விதி. அந்தத் தலைப்பில் என் அனுபவத்தை அவர்கள் மலருக்கு எழுதித் தர வேண்டுமாம். அத்தனை வருஷம் வாரப் பத்திரிகையில் கதை பார்த்தவர் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அதுவும் உண்மைதான். பார்த்து முடித்துக் கண்ணும் போய்விட்டது.

அந்த விதியைத் தாங்களே கண்டுபிடித்ததாக அந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொண்டு நான் சோறு தின்றிருக்கிறேன். இயற்கை, மனித ஆற்றல் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. ஆனாலும் வீடு தேடி வந்து கேட்டார்கள், என் மனைவி கொடுத்த காப்பியையும் மறுக்காமல் குடித்தார்கள். எழுதித்தான் ஆக வேண்டும்.

என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். மெதடிஸ்ட் பள்ளியில் படித்து முடித்ததும், என்னையும் ரயில்வேயில் சேர்த்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தபோது, அச்சுக்கூடத்தில் சேர்ந்தேன். எழுத்துக் கோர்த்தேன், புரூப் திருத்தினேன், பிறகு உதவி ஆசிரியர் ஆனேன். இந்த மூன்றுக்கும் நடுவே போன ஒன்பது வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதுகு வலி அங்கே தொடங்கியது, அவ்வளவுதான்.

எங்கள் பத்திராதிபர் கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். பத்திரிகை தொடங்குவதற்கு முன் சர்வே ஆபீசில் படம் வரைந்தவர். ஆற்றையும் மலையையும் தாளில் அடக்கிப் பழகியவர் என்பதால் கதைகளையும் அப்படியே நடத்தினார். கதையை அவர் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. சன்னல் ஓரம் நின்றுகொண்டு, கையில் நீலப் பென்சிலோடு படிப்பார். ஆறோ புலியோ காற்றோ முழு வேகத்தில் வருகிற இடத்தில் ஓரத்தில் ஓர் அலைக்கோடு இழுப்பார். மனிதன் களைத்துப்போகிற இடத்தில் ஒரு புள்ளி. அவன் வென்று நிற்கிற இடத்தில் நேர்கோடு. அலை, புள்ளி, கோடு மூன்றும் வரிசையாக விழுந்தால் கதை தேறியது. அலை விழுந்து கோடு விழாத கதையை என் மேசையில் போட்டு, "இதைச் சரிபண்ணும்" என்பார். வேறு விளக்கம் வராது.

கதைகள் பெரும்பாலும் தோட்டங்களிலிருந்து வரும். கணக்கு எழுதுகிற கிராணிமார், பள்ளி வாத்தியார்கள், ஆஸ்பத்திரி டிரெஸர்கள் எழுதுவார்கள். செமினிப் பக்கத்திலிருந்து ஒருவர் மாதம் ஒரு புலியை அனுப்பிக்கொண்டே இருந்தார். எங்கள் பத்திரிகையில் செத்த புலிகளை வரிசையாகக் கிடத்தினால் கிள்ளான் வரைக்கும் வரும். ஒரு தடவை சுங்கை வேயிலிருந்து பால்மரம் வெட்டுகிற ஒருவர் யாரையோ பிடித்து எழுதவைத்துக் கடிதம் போட்டிருந்தார். புலி இப்படியெல்லாம் கர்ஜித்துவிட்டு வராது, தன்னுடைய ஆட்டைக் கொண்டுபோனபோது தான் பத்தடி தூரத்தில் இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று. பத்திராதிபரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, அந்த ஆள் ஆட்டைப் பறிகொடுத்தவர், அவரிடம் கதை இல்லை என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கதை வந்தால் என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது விளங்க அது வேண்டும். கதை எழுதினவர் மேலே "உண்மைச் சம்பவம்" என்று குறித்திருந்தால் ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் நான் மாற்ற வேண்டும். குறிக்காவிட்டால் கற்பனை என்று எடுத்துக்கொண்டு பெயரை அப்படியே விட்டுவிடலாம். திருத்தும்போது முழுப் பக்கமும் மாறுவதாக இருந்தால் பழைய தாளை எடுத்து என் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, நான் எழுதிய தாளை வைத்து அச்சுக் கோர்க்க அனுப்புவேன். அச்சானதும் கையெழுத்துப் பிரதிகளைக் கம்பியில் குத்தி மாட்டுவோம். கம்பி நிறைந்ததும் கச்சாங் பூத்தே என்கிற கடலை விற்கிறவர் வந்து பொட்டலம் கட்ட வாங்கிப் போவார். எத்தனையோ வீரர்கள் கடலையோடு சந்தை முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள்.

பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கதை வந்தது. எழுதியவர் அங்கே கிராணி. அதற்கு முன் அவர் எதுவும் அனுப்பியதில்லை. மணிமணியான கையெழுத்து. தலைப்பு இல்லை. "உண்மைச் சம்பவம்" என்ற குறிப்பும் இல்லை.

கதை இதுதான். நான்கு நாள் விடாத மழை. லங்காட் ஆறு கரை தெரியாமல் ஓடுகிறது. துரையின் தபால் பை எதிர்க்கரைக்குப் போக வேண்டும். தோட்டத்தில் சடையன் என்று ஒருவன், வழக்கமாகச் சம்பான் என்கிற சிறு படகில் பையைக் கொண்டுபோகிறவன். இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், தலையில் நீலத் துண்டு கட்டியிருப்பான். அவன் ஆற்றைப் பார்த்துவிட்டு, தண்ணீர் சரியில்லை, நாளைக்குப் போகிறேன் என்கிறான். கிராணி போ என்கிறார். அவன் போகிறான். நடு ஆற்றில் மரம் ஒன்று உருண்டு வந்து சம்பானில் அடிக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவன் இல்லை, பையும் இல்லை, ஆறு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

ஆறு வருகிற இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். கர்ஜிக்கிறது, சீறுகிறது, வாய் பிளக்கிறது என்று எதுவுமே இல்லை. தண்ணீர் நிறம் மாறியதையும், தவளைச் சத்தம் நின்றதையும், கரையில் கட்டியிருந்த கயிறு எத்தனை முழம் உள்ளே போயிற்று என்பதையும் எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்து பார்க்காதவர் அப்படி எழுத முடியாது. அது எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் நான் ஒரு கடிதம் போட்டுக் கேட்கவில்லை. அந்த வாரம் இரண்டு பத்தி இடம் காலியாக இருந்தது.

பத்திராதிபர் சன்னல் ஓரம் நின்று படித்தார். ஆறு வருகிற இடத்தில் நீளமாக ஓர் அலை, மரம் அடிக்கிற இடத்தில் ஒரு புள்ளி. கடைசித் தாளில் பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கோடு போட இடமில்லை. நான் துணிந்து, இந்த ஒன்றையாவது இப்படியே விட்டுவிடலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே குறைவு.

"ஆறு வெண்டால் அது சேதி, மனிசன் வெண்டால்தான் கதை," என்றார். "சனங்கள் ஆறு நாள் வெயிலிலையும் மழையிலையும் நிண்டு மரம் வெட்டிப்போட்டு, ஏழாம் நாள் எங்கட பேப்பரை வாங்குதுகள். அதுகளுக்குச் சாவையோ குடுக்கிறது? உவனைக் கரையேத்தும்."

இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் மோசமான மனிதர் இல்லை. படிக்கிறவர்கள் மேல் அவருக்கு உண்மையான இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தோடுதான் என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தார்.

நான் கரையேற்றினேன். முதலில் கிராணியை எடுத்தேன். வீரன் ஒருவன் இன்னொருவர் போ என்று சொல்லியா போவான்? சடையன் தானாகவே துணிந்து சம்பானில் ஏறினான் என்று மாற்றினேன். பிறகு கடைசித் தாளை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, வேறு தாளில் பதினோரு வரி எழுதினேன். சடையன் மரத்தையே பற்றிக்கொண்டு நீந்துகிறான், எதிர்க்கரையில் ஏறுகிறான், தலைத்துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, காட்டுப் பாதையில் நடந்து மறைகிறான். "ஆறே, நீ பெரியவள்தான். ஆனால் நான் மனிதன்" என்று ஒரு வசனம் வேறு. எழுதி முடித்ததும் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. பத்திராதிபர் நேர்கோடு போட்டார். பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். சடையன் என்பது நல்ல காட்டு மனிசன் பெயர், இருக்கட்டும் என்றார். அப்படியே விட்டேன்.

கதை அச்சில் வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், பத்திராதிபர் வெளியே போயிருந்த நேரம், அச்சுக்கூட வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள்தான். காலெல்லாம் சேறு காய்ந்திருந்தது. பந்திங்கிலிருந்து கிள்ளானுக்கு வந்து, அங்கே ரயில் ஏறி, இங்கே ஸ்டேஷனிலிருந்து கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன், வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடுப்பிலிருந்து எங்கள் பத்திரிகைத் தாளை மடிப்புக் கலையாமல் எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"இதப் போட்டவங்க யாருங்க?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். எல்லாக் கதையையும் நாங்கள்தான் போடுகிறோம், அந்த அர்த்தத்தில் சொன்னேன்.

அவள் பெயர் பொன்னாயி. சடையன் அவளுடைய புருஷன். மழைக்காலத்தில் ஒருநாள் தபால் பையோடு போனவன் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. சம்பானும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே ஓடிப்போனான் என்று எழுதிவிட்டார்கள். லயத்து வீடுகளில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அவன் ஆற்றோடு போனான் என்று பாதிப் பேர், கப்பல் ஏறிவிட்டான், வேறு பெண்ணோடு போய்விட்டான் என்று பாதிப் பேர். கதை வந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கடையில் கடைக்காரர் எங்கள் பத்திரிகையைச் சத்தமாகப் படித்திருக்கிறார். அன்றிலிருந்து எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள். பத்திரிகையிலேயே வந்துவிட்டதே, கரையேறிச் சிரித்துக்கொண்டே போனான் என்று.

நான் முதலில் செய்தது கோழைத்தனம். அதையும் எழுதத்தான் வேண்டும். அது வெறும் கதையம்மா, கதையில் வருகிற சடையன் வேறே ஆள் என்று சொன்னேன். அவள் தன் இடது கையை நீட்டி, வலது கையால் சுண்டுவிரலைப் பாதியில் பிடித்துக் காட்டினாள். பிறகு நீலத் துண்டைச் சொன்னாள். அந்தத் துண்டு கிள்ளானில் அவள் வாங்கிக் கொடுத்தது.

"நான் சண்டைக்கு வரலீங்க," என்றாள். "கருமாதி பண்ணணும்னு கேட்டேன். உசுரோட இருக்கிறவனுக்கு யாராச்சும் கருமாதி பண்ணுவாங்களான்னு திட்டுறாங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அவரு கரையேறிட்டாருன்னு நீங்க எழுதியிருக்கீங்க. ஏறினவரு எங்க போனாருன்னு மட்டும் சொல்லுங்க."

அச்சு யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். எதற்கு நிறுத்தச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இருபது வருஷமாக ஆறு, காடு, மனித ஆற்றல் என்று பார்த்துத் தள்ளியவன் நான். எதிர்க்கரையில் ஏறினவன் அதற்குப் பிறகு எங்கே போவான் என்று ஒரு கதையிலாவது நான் யோசித்ததில்லை. நேர்கோடு விழுந்ததும் எங்கள் வேலை முடிந்துவிடும்.

கம்பியைப் பார்த்தேன். கச்சாங் பூத்தேக்காரர் அதற்கு முந்தின வாரம்தான் வந்து போயிருந்தார். கிராணியின் தாள்கள் எல்லாம் போய்விட்டன. மேசை இழுப்பறையை இழுத்தேன். மாற்றி எடுத்த அந்தக் கடைசித் தாள் மட்டும் அடியில் கிடந்தது. அச்சுக் கோர்ப்பவர் கைக்குப் போகாததால் மைக்கறை இல்லாமல் சுத்தமாக இருந்தது.

அந்தத் தாளைக் காட்டினால் கிராணிக்கு வேலை போகலாம். துரைக்குத் தெரிந்தால் எங்கள் பத்திரிகை அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எதற்குள்ளும் நுழைய முடியாது. எழுதியவர் யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது ஆபீசு வழக்கம். இவ்வளவும் என் மண்டையில் ஓடியது. அவள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையேறினான் என்பது கதை அனுப்பினவர் எழுதினது இல்லை, நான் எழுதினது, பொய் என்று சொன்னேன். பிறகு தாளைப் படித்தேன்.

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான். மரம் அடித்ததும் நீலத் துண்டு ஒரு தடவை மேலே தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பொழுது சாயும்வரைக்கும் கரையில் ஒருவர் நின்றிருந்தார். பையில் இருந்தது அவசரமான எதுவும் இல்லை, துரைக்கு வேண்டிய பிஸ்கட்டுக்கும் சோடாவுக்கும் எழுதின சீட்டு. அதுவரை கிராணி என்றே வந்த கதை கடைசி மூன்று வரியில் நான் என்று மாறும், அது எனக்கு மனப்பாடம். "அவன் தண்ணீர் சரியில்லை என்றான். போ என்றவன் நான். ஓடிப்போனான் என்று எழுதியவனும் நான்."

அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். மூன்றாவது தடவை கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எங்கள விட்டுட்டுப் போகல," என்றாள்.

அந்த முகத்தில் நிம்மதி இருந்தது. புருஷன் செத்தான் என்று கேட்டு ஒரு பெண் நிம்மதி அடைந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த நிம்மதியை நான் ஒரு மாதம் அவளுக்குக் கிடைக்காமல் செய்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. தாளைக் கேட்டாள், கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறேன், ரயிலுக்கு நேரமாகும் என்று போய்விட்டாள்.

பத்திராதிபர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கூடக் கழற்றாமல் கேட்டார். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுவோம் என்றேன். கதைக்குத் திருத்தம் போட்ட பத்திரிகை உலகத்தில் எங்கேயும் இல்லை என்றார். அன்றைக்கு வந்த கதைகளை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். வெகுநேரம் முதல் பக்கத்திலேயே நின்றார். எந்தத் தாளிலும் அலைக்கோடு விழவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கிராணியிடமிருந்து கடிதம் வந்தது. திட்டியிருப்பார், வேலை போய்விட்டது என்று எழுதியிருப்பார் என்று நினைத்தேன். கடிதம் சின்னது.

தோட்டத்தில் கூலிக்காரர்களுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் படித்துச் சொல்கிறவர் கிராணிதான். அது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். பொன்னாயி திரும்பிப் போன மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் எல்லோரும் வேலைக்கு வரிசையாக நின்ற நேரம், அவள் கிராணிக்கு முன்னால் போய் அந்தத் தாளை நீட்டியிருக்கிறாள். எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்களே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள் என்றாளாம். கிராணி தன் கையெழுத்தைப் பார்த்தார். இனி வருவது அவர் கடிதத்தில் உள்ளபடியே.

"படித்தேன். கடைசிப் பகுதிக்கு முன் நிறுத்தினேன். அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மூன்று வரியையும் படித்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு செக்ரோலை எடுத்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஆற்றில் இறந்தான் என்று எழுதினேன். துரை கேட்டார், சொன்னேன். இந்த மாதக் கடைசியோடு நான் இங்கிருந்து போகிறேன். நேற்றுக் கருமாதி நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்."

இளைஞர்கள் மனித ஆற்றல் எது என்று என்னிடம் கேட்டால் எனக்கு இதுதான் தெரியும். அந்த ஆறு யாரையும் பகைக்கவில்லை, மழை பெய்தால் ஓடுகிற ஆறு. சடையனுக்குத் தோளில் வலு இருந்தது, ஆனால் அவனை ஆற்றில் இறக்கியது போ என்ற ஒரு சொல். ஆற்றை எழுதத் தெரிந்த எங்களுக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. எழுதிய ஒருவரையும் நான் வெட்டி எடுத்தேன்.

கடிதத்தைப் பத்திராதிபரிடம் கொடுத்தேன். வழக்கம்போலச் சன்னல் ஓரம் நின்று, நீலப் பென்சிலோடு படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பென்சில் தாளைத் தொடவே இல்லை. என் மேசைக்கு வந்து கடிதத்தை வைத்தார்.

"இதிலை மாத்த ஒண்டும் இல்லைக் காணும்," என்றார்.

அதற்குப் பிறகும் நான் அவரிடம் பத்துப் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து மறுபடி கேட்கவில்லை.